புரதத்தை நீக்குவதும் அதன் வேலையை நிறுத்துவதும்

கேள்வி:

நான் உயிர்த்தொழில்நுட்பம் முதுநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். ஹார்மோன் மாத்திரையோடு பால்போசிக்லிப் மாத்திரையும் சாப்பிடுகிறார். அந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் என் புராஜெக்ட்டுக்கே அதை எடுத்துக்கொண்டேன். எங்கள் லேபில் இருப்பது ஹீலா செல்தான். 1 மைக்ரோமோலார் அளவில் மருந்து சேர்த்து, மூன்று நாள் கழித்து எம்டிடி செய்தேன். மருந்து சேர்த்த செல்களுக்கும் சேர்க்காத செல்களுக்கும் வித்தியாசமே இல்லை. திரும்பச் செய்தாலும் அதே கதை. அம்மாவிடம் இதைச் சொல்ல மனம் வரவில்லை. மருந்து பலிக்காமல் போகுமோ?

இன்னொரு சந்தேகமும் உண்டு. சிடிகே2 இல்லாத எலிகள் நன்றாகவே வாழ்கின்றன என்று ஒரு கட்டுரையில் படித்தேன். மனித செல்கள் பெருகச் சிடிகே2 தேவை என்று இன்னொரு கட்டுரை சொல்கிறது. எதை நம்புவது? இந்த ஆய்வுகளில் எல்லாம் சாதாரண செல்லை விட்டுவிட்டு, மரபணுவை மாற்றியமைத்த செல் லைன்களையே பயன்படுத்துகிறார்கள். அதன் அவசியம் என்ன? எங்களைப் போன்ற சிறிய லேபில் இதில் எதையாவது செய்ய முடியுமா?

— ஒரு மாணவி

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

முதலில் உங்கள் பயத்தைப் போக்கிவிடுகிறேன். உங்கள் சோதனையில் நீங்கள் கண்டது, ஹீலா செல்லிடம் எதிர்பார்க்க வேண்டிய விடைதான். உங்கள் அம்மாவின் கட்டியைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை. அவர் மருந்தை நம்பிச் சாப்பிடட்டும்.

காரணம் இது. பால்போசிக்லிப் தடுப்பது சிடிகே4, சிடிகே6 என்ற இரண்டு கைனேஸ் நொதிகளை. இவற்றின் முக்கிய வேலை ஆர்பி என்ற புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஏற்றுவது. பாஸ்பேட் ஏறாத ஆர்பி, டிஎன்ஏவைப் படியெடுக்கத் தேவையான மரபணுக்களை இயங்க விடாமல் பிடித்து வைத்திருக்கும். செல் ஜி1 கட்டத்திலேயே நிற்கும். பாஸ்பேட் ஏறினால் பிடி தளரும், செல் எஸ் கட்டத்துக்குள் போகும். பால்போசிக்லிப் செய்வதெல்லாம் அந்தப் பிடி தளராமல் பார்த்துக்கொள்வது. ஆகவே ஆர்பி இல்லாத செல்லில் இந்த மருந்துக்குப் பிடிமானம் கிடையாது.

ஹீலாவில் ஆர்பி இல்லாதது போலத்தான். 1951-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து, அவரிடம் அனுமதி கேட்காமல் எடுக்கப்பட்ட செல்கள் அவை. அந்தக் கட்டிக்குக் காரணம் ஹெச்பிவி 18 வைரஸ். அந்த வைரஸின் ஈ7 என்ற புரதம் ஆர்பியைத் தேடிப் பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது. இந்த வகை வைரஸ்களின் ஈ7 ஆர்பியைப் பற்றிக்கொள்கிறது என்பது 1989-லேயே தெரிந்த செய்தி. ஈ6 என்ற இன்னொரு புரதம் பி53-ஐ அழிக்கிறது. அதாவது, செல் சுழற்சியின் இரண்டு பெரிய தடுப்புகளும் ஹீலாவில் கிடையாது. சிடிகே4-உம் 6-உம் இல்லாமலே ஓடப் பழகிய செல் அது. அதில் போய் சிடிகே4, 6 தடுப்பானைப் போட்டால் என்ன நடக்கும்?

ஹார்மோன் ஏற்பி உள்ள மார்பகக் கட்டிகள் வேறு மாதிரி. பெரும்பாலானவற்றில் ஆர்பி நல்லபடி இருக்கும். சிடிகே4, 6-க்குத் துணையான சைக்ளின் டி1 பல கட்டிகளில் அளவுக்கு மிஞ்சி இருக்கும். அதனால்தான் 2015 பிப்ரவரியில் அமெரிக்காவில் இந்த மருந்துக்கு லெட்ரோசோலோடு சேர்த்துக் கொடுக்க அனுமதி கிடைத்தது. 2017-இல் அதே வகையைச் சேர்ந்த ரைபோசிக்லிப், அபெமாசிக்லிப் என்ற இரண்டும் வந்தன.

அம்மாவுக்கு 21 நாள் மாத்திரை, 7 நாள் இடைவெளி என்று சொல்லியிருப்பார்கள். அந்த இடைவெளிக்கும் இந்தக் கைனேஸ்களுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் பெருக சிடிகே6 தேவை. சிடிகே4, 6 இரண்டும் இல்லாத எலிக்கருக்கள் தாய் வயிற்றிலேயே கடைசிக் கட்டத்தில் ரத்த அணுக்கள் போதாமல் இறந்துபோவதை 2004-இல் கண்டார்கள். மருந்து கொடுக்கும்போது வெள்ளை அணுக்கள் குறைவதும் அதே காரணத்தால்தான். ஆனால் இது நின்று திரும்பும் குறைவு, மஜ்ஜை மீண்டுவிடும். அதற்குத்தான் அந்த ஏழு நாள். ரத்தப் பரிசோதனைத் தேதியை மட்டும் ஒருபோதும் தள்ளிப் போடாதீர்கள். மருந்து கேட்கிறதா என்பதை ஸ்கேனும் மருத்துவரும் சொல்வார்கள். எந்தச் செல் லைனும் ஒரு தனி நோயாளியைப் பற்றிச் சொல்லிவிடாது.

இனி சிடிகே2. நீங்கள் கண்டது உண்மையான முரண்தான்.

2003-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே சிடிகே2 மரபணு இல்லாத எலிகளை உருவாக்கின. எலிகள் பிறந்தன, வளர்ந்தன, ஓடியாடின. ஆணும் பெண்ணும் மலடாக இருந்ததைத் தவிர பெரிய குறை தெரியவில்லை. அதே ஆண்டில் டெட்சுவும் மெக்கார்மிக்கும் குடல் புற்றுநோய்ச் செல்கள் பலவற்றில் சிடிகே2-ஐ அடக்கிப் பார்த்தார்கள். செல்கள் பாட்டுக்குப் பெருகின. சிடிகே2-க்கு மருந்து தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பேரிடி. 2007-இல் ஸ்பெயினில் பார்பசித்தின் குழு இன்னும் ஒரு படி போனது. சிடிகே2, 3, 4, 6 நான்கும் இல்லாத எலிக்கருவில்கூட உறுப்புகள் உருவாகத் தொடங்கி, கர்ப்பகாலத்தின் பாதி வரை அது வளர்ந்தது. சிடிகே1 மட்டும் போதுமாக இருந்தது. சிடிகே1-ஐ எடுத்தாலோ, கரு முதல் சில பிளவுகளைத் தாண்டவில்லை.

இதை வைத்துச் சிடிகே2 வேண்டாத புரதம் என்று முடிவு கட்டலாமா? அங்கேதான் தவறு நேர்கிறது. ஒரு வீட்டில் சமைப்பவர் ஊருக்குப் போய்விட்டால் அடுத்த வேளையே இன்னொருவர் அடுப்படிக்குள் நுழைந்துவிடுவார். யாரும் பட்டினி கிடப்பதில்லை. சமைப்பவர் அடுப்பின் முன்னாலேயே உட்கார்ந்துகொண்டு கையைக் கட்டிக்கொண்டால் கதை வேறு. இடம் காலியாகவில்லை, வேலையும் நடக்கவில்லை. மரபணுவை நீக்குவது முதல் வகை. சிடிகே2 புரதமே இல்லாதபோது, அது பிடித்து வைத்திருக்க வேண்டிய சைக்ளின் ஏ-யும் ஈ-யும் விடுபடுகின்றன. சிடிகே1 அவற்றை எடுத்துக்கொண்டு வேலையைச் செய்கிறது. கருவிலிருந்தே இல்லாத புரதம் என்றால், செல் பழகிக்கொள்ள நாள்கணக்கில் அவகாசமும் இருக்கிறது. மருந்து செய்வது இரண்டாம் வகை. புரதம் அங்கேயே இருக்கும், சைக்ளினைப் பிடித்துக்கொண்டும் இருக்கும், ஆனால் பாஸ்பேட் ஏற்றாது. நோயாளிக்குப் பொருத்தமான கேள்வி இந்த இரண்டாவதுதான். எலி அதற்குப் பதில் சொல்லவில்லை. அதனிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

அப்படியானால் சிடிகே2-ஐ மருந்தால் தடுத்துப் பார்த்துவிடலாமே என்பீர்கள். தடுப்பான்கள் நிறையவே இருந்தன. சிக்கல் என்னவென்றால், மனித செல்லில் கைனேஸ்கள் 500-க்கும் மேல். எல்லாமே ஏடிபியைப் பிடிப்பவை, பிடிக்கும் குழியும் ஏறக்குறைய ஒரே வடிவம். பெரும்பாலான தடுப்பான்கள் அந்தக் குழிக்குள் போய் உட்காருபவை. ஃப்ளாவோபிரிடாலைச் சிடிகே தடுப்பான் என்று பல ஆண்டுகள் பயன்படுத்தினார்கள். அது சிடிகே9-ஐ வலுவாகத் தாக்கி, மரபணுக்களிலிருந்து ஆர்என்ஏ உருவாவதையே நிறுத்திவிடுகிறது. செல் சாகும், செல் சுழற்சி நின்றதால் செத்ததா, புதிய ஆர்என்ஏ உருவாகாததால் செத்ததா என்று எப்படிப் பிரித்துச் சொல்வது? ரோஸ்கோவிட்டினும் ஒன்றுக்கு மேற்பட்ட சிடிகேக்களைத் தொடும் மருந்து.

ஈஸ்ட் ஆய்வாளர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. லீலண்ட் ஹார்ட்வெல் கண்டெடுத்த திரிபு ஈஸ்ட்டுகள் குறைந்த வெப்பத்தில் நன்றாக வளரும். சூட்டை ஏற்றினால் ஒரே ஒரு புரதம் செயலிழந்து, செல் சுழற்சியின் குறிப்பிட்ட இடத்தில் எல்லாச் செல்லும் நின்றுவிடும். புரதத்தை நீக்காமல் வேலையை நிறுத்தும் வழி ஈஸ்ட்டில் அப்போதே கிடைத்துவிட்டது. 1987-இல் பால் நர்ஸும் மெலனி லீயும், சிடிசி2 என்ற மரபணு பழுதான ஈஸ்ட்டுக்குள் மனித மரபணுக்களைச் செலுத்தி, அதைப் பிழைக்க வைத்த மரபணு எது என்று தேடினார்கள். கிடைத்ததுதான் இன்று நாம் சிடிகே1 என்று அழைக்கும் மனித மரபணு. ஈஸ்ட்டின் பழுதை மனித மரபணு ஈடுசெய்தது! 2001-இல் ஹார்ட்வெல், நர்ஸ், சைக்ளினைக் கண்டுபிடித்த டிம் ஹண்ட் மூவருக்கும் நோபல் கிடைத்தது. ஆனால் மனித செல் 37 டிகிரியில் வாழ்வது. ஈஸ்ட்டைப் போலச் சூட்டை ஏற்றி இறக்கி விளையாட அதில் இடமில்லை. வேறொரு சுவிட்ச் வேண்டியிருந்தது.

அதைக் கொடுத்தவர் கெவன் ஷோகாட் என்ற வேதியியலாளர். கைனேஸின் ஏடிபி குழிக்குப் பின்புறம் ஒரு அமினோ அமிலம் வழியை மறித்துக்கொண்டிருக்கும். கேட்கீப்பர் என்று அதற்குப் பெயர். சிடிகே2-இல் அது 80-ஆவது இடத்தில் உள்ள ஃபீனைல்அலனைன், உருவத்தில் பெரியது. அதை எடுத்துவிட்டு அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியதான கிளைசினை வைத்தால், அதன் பின்னால் இயற்கையில் இல்லாத ஒரு பொந்து திறக்கும். அந்தப் பொந்துக்குள் போகிற அளவுக்குப் பருத்த ஒரு பக்கத்தைக் கொண்ட மூலக்கூறை ஷோகாட் குழு தயாரித்தது. 1-என்எம்-பிபி1 அவற்றில் ஒன்று. இயல்பான கைனேஸ்களில் ஏறக்குறைய எதிலும் அந்தப் பொந்து கிடையாது, ஆகவே அந்த மூலக்கூறு உள்ளே போகாது. ஐந்நூற்றுச் சொச்சம் கைனேஸ்கள் உள்ள செல்லில், மாற்றியமைத்த ஒன்று மட்டும் அந்த மூலக்கூறுக்குக் கட்டுப்படும். மருந்தைக் கழுவிவிட்டால் திரும்ப வேலை செய்யும். 2000-இல் நேச்சர் இதழில் இது வந்தபோது, ஈஸ்ட்டில் சிடிகே1-க்கு நிகரான சிடிசி28-ஐயே எடுத்துக்காட்டாகச் செய்து காட்டியிருந்தார்கள். இப்படி மாற்றியமைத்தவற்றை அனலாக் சென்சிட்டிவ் என்றும், சுருக்கமாக ஏஎஸ் செல் என்றும் சொல்கிறார்கள்.

"மரபணுவை மாற்றியமைத்த செல் எதற்கு" என்று கேட்டீர்களே, இதற்குத்தான். கச்சிதமான மருந்து கிடைக்காதபோது, மருந்துக்கு ஏற்றபடி புரதத்தை மாற்றுகிறார்கள்.

மனித செல்லில் இதைச் செய்வது எளிதாக இருக்கவில்லை. ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதிகள். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது வேலையைத் தொடரும். மாற்றிய புரதத்தை வெளியிலிருந்து கூடுதலாகச் செலுத்தினால் அளவு கெட்டுவிடும். சிடிகேக்களைப் பொறுத்தவரை அளவுதான் எல்லாம், ஒரே சைக்ளினுக்கு இரண்டு மூன்று பேர் போட்டி போடுகிறார்கள். ஆகவே மரபணு இருக்கும் இடத்திலேயே, இரண்டு பிரதியையும் மாற்ற வேண்டும். கிரிஸ்பர் மனித செல்லுக்குள் வந்தது 2013-இல்தான். அதற்கு முன்பு ஒரு பிரதியை மாற்றி, குளோன் பொறுக்கி, பிறகு அடுத்த பிரதியை மாற்றி, மறுபடி குளோன் பொறுக்கி என்று மாதக்கணக்கில் உழைப்பு. அந்த உழைப்புக்கு ஈடுகொடுத்தது ஹெச்சிடி116 என்ற குடல் புற்றுநோய்ச் செல். குரோமோசோம்கள் கிட்டத்தட்ட இயல்பான எண்ணிக்கையில் இருப்பதும், மரபணு மாற்றத்தை ஓரளவு ஒழுங்காக ஏற்றுக்கொள்வதும் அதன் சிறப்பு. வோகெல்ஸ்டைன் குழு 1990-களில் பி21, பி53 மரபணுக்களை நீக்கியதும் இதே செல்லில்தான்.

2007-இல் ராபர்ட் ஃபிஷர் குழு ஹெச்சிடி116-இன் சிடிகே7-ஐ இப்படி மாற்றியது. சிடிகே7 மற்ற சிடிகேக்களைத் தூண்டிவிடும் கைனேஸ். ஜி1 கட்டத்தில் அதை நிறுத்தினால், சிடிகே2 சைக்ளினோடு சேரும், ஆனால் தூண்டப்படாது. ஜி2 கட்டத்தில் நிறுத்தினாலோ, சிடிகே1-உம் சைக்ளின் பி-யும் இணைந்து நிற்பதே குலைகிறது. செல் மைட்டோசிஸுக்குள் போகவில்லை. ஒரே நொதியை ஒரே செல்லில் இரண்டு வெவ்வேறு நேரத்தில் நிறுத்தியதால் கிடைத்த விடை இது. மரபணுவை நீக்கிய எலியிடம் "எந்த மணி நேரத்தில்" என்று கேட்க முடியாது.

2011-இல் அதே குழு சிடிகே2-வுக்கு வந்தது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வுகளில் இது ஒன்று; சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடை முழுவதும் இதில் இருக்கிறது. சிடிகே2-இன் இரண்டு பிரதியிலும் கேட்கீப்பரை மாற்றினார்கள். மருந்து எதுவும் சேர்க்கும் முன்பே ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மாற்றிய சிடிகே2-க்குச் சைக்ளின் ஏ-யைத் தன்னிடம் நிறுத்திவைக்கும் திறன் குறைந்துவிட்டது. அந்தச் சைக்ளினைச் சிடிகே1 எடுத்துக்கொண்டது. மரபணுவை நீக்கிய எலியில் நடக்கும் அதே ஈடுகட்டல், இங்கே ஒரே ஒரு அமினோ அமில மாற்றத்தால்! வேறு யாராவது என்றால் இந்தச் செல் பழுது என்று ஒதுக்கியிருப்பார்கள். இவர்கள் அதையே கருவியாக்கினார்கள். பொந்துக்குள் ஒரு மூலக்கூறு போய் உட்கார்ந்தால் புரதத்தின் தள்ளாட்டம் நிற்கிறது, சைக்ளின் ஏ திரும்பச் சிடிகே2-இடம் வருகிறது. வேலையைத் தடுக்கும் மூலக்கூறாக இருந்தாலும் சரி, தடுக்காததாக இருந்தாலும் சரி, இந்தச் சீர்படுத்தல் நடக்கிறது. ஆக, தடுக்காத மூலக்கூறைச் சேர்த்தால் சிடிகே2 முழு உடல்நலத்தோடு வேலை செய்யும். தடுக்கும் மூலக்கூறைச் சேர்த்தால், சிடிகே2 தன் இடத்தில் உட்கார்ந்து சைக்ளினையும் பிடித்துக்கொண்டு, வேலை மட்டும் செய்யாது. புரதம் இருப்பது வேறு, அது இயங்குவது வேறு என்று ஒரே செல்லில் பிரித்துக் காட்டிவிட்டார்கள். அந்த இரண்டாம் நிலையில் செல் பெருக்கம் அடி வாங்கியது. நீங்கள் படித்த இரண்டு கட்டுரைகளும் சரி. அவை கேட்ட கேள்விகள் வேறு.

ஆனால் இதோடு கணக்கு தீர்ந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். சிடிகே2-இன் செயலை உயிருள்ள செல்லில் நேரடியாகப் பார்க்கும் செல் லைன்களும் வந்துவிட்டன. டிஎன்ஏ ஹெலிகேஸ் பி என்ற புரதத்தின் ஒரு துண்டோடு ஒளிர் புரதத்தை ஒட்டிச் செல்லுக்குள் வைக்கிறார்கள். சிடிகே2 சும்மா இருக்கும்போது ஒளி நியூக்ளியஸுக்குள் இருக்கும். சிடிகே2 பாஸ்பேட் ஏற்ற ஏற்ற ஒளி வெளியே சைட்டோபிளாசத்துக்கு நகரும். மைக்ரோஸ்கோப்பின் கீழ் ஒவ்வொரு செல்லாக நாள் முழுவதும் பின்தொடரலாம். 2013-இல் சப்ரினா ஸ்பென்சரும் டோபியாஸ் மேயரும் புற்றுநோய் அல்லாத எம்சிஎஃப்10ஏ மார்பகச் செல்களில் இப்படிப் பார்த்தார்கள். தாய்ச்செல் பிரிந்து முடிந்த கையோடு மகள் செல்கள் இரண்டு கூட்டமாகப் பிரிவது தெரிந்தது. சிலவற்றில் சிடிகே2 உடனே ஏறத் தொடங்கி அடுத்த சுற்றுக்குப் போகிறது. மற்றவற்றில் சிடிகே2-ஐத் தடுக்கும் பி21 புரதம் மிகுந்து, சிடிகே2 அடங்கி, செல் ஓய்வில் இருக்கிறது. லட்சக்கணக்கான செல்களை அரைத்துச் சராசரி பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட்டில் இந்தப் பிரிவு தெரியவே தெரியாது.

2023-இல் ஸ்பென்சரின் குழு இதே ஒளிர் செல்களில் சிடிகே2 தடுப்பானைச் சேர்த்துப் பார்த்தது. செயல் முதலில் சரசரவென்று விழுந்தது. சில மணி நேரத்துக்குள் மீண்டும் ஏறியது. சிடிகே4, 6 ஆர்பியின் மேல் பாஸ்பேட்டைத் தக்கவைத்து, சைக்ளின் ஏ உற்பத்தியைத் தொடரச் செய்து, சிடிகே2-ஐ மீட்டுக்கொடுத்தன. ஈடுகட்ட மரபணு இல்லாமல் பிறக்க வேண்டும் என்ற அவசியமில்லை. சில மணி நேரமே போதும் என்று தெரிந்தது. சிடிகே2 தடுப்பானையும் சிடிகே4, 6 தடுப்பானையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற யோசனைக்கு இது வலுவான ஆதாரம்.

இன்னொரு வழியையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புரதத்தை நீக்கத்தான் வேண்டும், ஆனால் செல் பழகிக்கொள்ள அவகாசம் தரக் கூடாது என்றால் டெக்ரான். பதியன் போடும்போது வேர்விடத் தூண்டும் ஆக்சினைத் தாவரவியலில் படித்திருப்பீர்கள். ஆக்சின் வந்ததும் சில புரதங்களைப் பிடித்து அழிவுக்கு அனுப்பும் டிஐஆர்1 என்ற புரதம் நெல்லில் உண்டு. அந்த நெல் புரதத்தை மனித செல்லுக்குள் வைத்து, நாம் ஆராயும் புரதத்தின் வாலில் ஆக்சினுக்கு உணர்வுள்ள ஒரு துண்டை ஒட்டிவிட்டால், ஆக்சின் சேர்த்த ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் புரதம் காலி. ஜப்பானில் கனேமாகியின் குழு 2009-இல் தந்த முறை இது. ஆக்சின் சேர்க்கும் முன்பே புரதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து அழிந்தது அதன் குறை. 2020-இல் நெல் புரதத்தின் 74-ஆவது ஃபீனைல்அலனைனைக் கிளைசினாக்கி, அதில் பொருந்தும்படி ஆக்சினையும் பருமனாக்கி அந்தக் கசிவை அடைத்தார்கள். ஷோகாட்டின் அதே பொந்து உத்திதான், கவனித்தீர்களா? அதே ஆண்டில் ஹோகெகர் குழு மனிதச் செல்லில் சைக்ளின் ஏ-யையும் பி-யையும் டெக்ரானால் நீக்கிப் பார்த்தது. ஜி2-இல் சைக்ளின் ஏ போனால் செல் மைட்டோசிஸுக்குள் நுழையவே இல்லை. சைக்ளின் பி போனாலும் நுழைந்துவிடுகிறது. பாடப்புத்தகம் மைட்டோசிஸின் வாசலில் நிறுத்தி வைத்திருப்பதென்னவோ சைக்ளின் பி-யைத்தான்.

சரி, உங்கள் லேபுக்கு வருவோம். ஏஎஸ் செல்லோ டெக்ரானோ ஒரு முதுநிலை புராஜெக்ட்டுக்குள் அடங்காது. ஆனால் உங்கள் கையில் இப்போதே ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. ஹீலாவில் மருந்து பலிக்காததை வீணான முடிவு என்று எறிந்துவிடாதீர்கள். அது ஆர்பி இல்லாத பக்கம். ஆர்பி இருக்கும் பக்கமாக எம்சிஎஃப்-7 செல்லை வாங்குங்கள். புனேயிலுள்ள தேசிய உயிரணு அறிவியல் மையத்தின் செல் சேமிப்பகத்துக்கு உங்கள் துறை வழியாக எழுதலாம். அது ஹார்மோன் ஏற்பியும் ஆர்பியும் உள்ள மார்பகப் புற்றுநோய்ச் செல். அதே 1 மைக்ரோமோலாரில் அது ஜி1-இல் நிற்பதைப் பார்ப்பீர்கள். சிடிகே4-ஐ இந்த மருந்து சோதனைக்குழாயில் தடுப்பது சுமார் 11 நானோமோலாரில். ஆகவே அளவைக் கூட்ட வேண்டாம், குறைத்துப் பாருங்கள். 10 மைக்ரோமோலாருக்குப் போனால் ஹீலாவில்கூட ஏதாவது நடக்கும். அதற்கும் சிடிகே4-க்கும் சம்பந்தம் இருக்காது.

இருந்தாலும் ஹீலாவும் எம்சிஎஃப்-7-உம் ஆயிரம் விஷயங்களில் வேறுபட்டவை. வித்தியாசம் ஆர்பியால்தான் வந்தது என்று உங்கள் தேர்வாளர் ஒப்புக்கொள்ள மாட்டார், ஒப்புக்கொள்ளவும் கூடாது. ஒரே செல்லில் ஆர்பி மரபணுவை மட்டும் கிரிஸ்பரால் வெட்டி, தாய்ச்செல்லையும் வெட்டிய செல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மருந்து சேர்த்தால்தான் அது நிரூபணம். பலர் இதற்கு எடுப்பது ஆர்பிஈ1. விழித்திரை நிறமி அடுக்கிலிருந்து வந்த செல்லில் டெலோமரேஸைச் செலுத்தி முதுமை அடையாதபடி செய்தது. ஆர்பியும் பி53-உம் வேலை செய்யும். உங்கள் வழிகாட்டிக்கு இந்த வழியில் போகும் எண்ணம் இருந்தால் சில எச்சரிக்கைகள். இதை இயல்பான செல் என்று எழுதாதீர்கள். அதில் கேராஸ் திரிபு இருக்கிறது, 10-ஆவது குரோமோசோமின் ஒரு துண்டு கூடுதலாக எக்ஸ் குரோமோசோமில் ஒட்டியிருக்கிறது. டெலோமரேஸோடு ஹைக்ரோமைசின் எதிர்ப்பும் உள்ளே போயிருப்பதால், குளோன் பொறுக்க அந்த ஆன்டிபயாட்டிக் உதவாது. எல்லாவற்றையும் விட முக்கியமானது, கிரிஸ்பர் டிஎன்ஏவை வெட்டினாலே பி53 விழித்துக்கொண்டு செல்லை நிறுத்திவிடும். பி53 கெட்டுப்போன செல்கள்தான் முந்திக்கொண்டு வளரும். 2018-இல் இது இந்தச் செல்லிலேயே காட்டப்பட்டது. ஆகவே பொறுக்கிய குளோனில், பி53-ஐத் தூண்டும் நட்லின்-3 சேர்த்துப் பாருங்கள். வளர்ச்சி நின்றால் பி53 நலமாக இருக்கிறது. நிற்காவிட்டால் அந்தக் குளோனை ஒதுக்கிவிடுங்கள். அதில் நீங்கள் ஆர்பியோடு பி53-ஐயும் இழந்திருக்கிறீர்கள்.

ஒரு குளோனை நம்பி எழுதாதீர்கள். வேறு வேறு கைடு ஆர்என்ஏவால் வந்த இரண்டு குளோனாவது வேண்டும். முடிந்தால் ஆர்பியைத் திரும்பச் செலுத்தி மருந்துக்கு மறுபடி கட்டுப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். செல் கைக்கு வந்ததும் மைக்கோபிளாஸ்மா சோதனை, செல்லின் அடையாளத்தை உறுதிசெய்யும் எஸ்டிஆர் சோதனை இரண்டையும் செய்துவிடுங்கள். ஹீலா வளர்க்கும் லேபில் இது கட்டாயம். 1966-இல் ஸ்டான்லி கார்ட்லர், வெவ்வேறு பெயரில் உலகெங்கும் சுற்றிக்கொண்டிருந்த பல செல் லைன்கள் உண்மையில் ஹீலாவே என்று காட்டினார். ஹீலாவுக்கு ஒரு பாட்டில் மீடியம், மற்றதற்கு ஒரு பாட்டில் என்று பிரித்து வையுங்கள். ஒரே நாளில் இரண்டையும் கையாள வேண்டியிருந்தால் ஹீலாவைக் கடைசியில் எடுங்கள்.

எம்டிடியையும் மாற்றுங்கள். பால்போசிக்லிப் செல்லைக் கொல்வதில்லை, நிறுத்துகிறது. நின்ற செல் பிரியாமல் பருத்துக்கொண்டே போகும், மைட்டோகாண்ட்ரியாவும் கூடும்; எம்டிடி அளப்பது அந்த வளர்சிதை மாற்றத்தைத்தான். அதனால் எம்சிஎஃப்-7-இல்கூட மருந்தின் விளைவு உள்ளதை விடக் குறைவாகத் தெரியும். செல்களை எண்ணுங்கள். ஈடியூ சேர்த்து எத்தனை செல் டிஎன்ஏவைப் படியெடுக்கிறது என்று பாருங்கள், அல்லது ஃப்ளோ சைட்டோமெட்ரியில் ஜி1 விகிதத்தைப் பாருங்கள். கூடவே ஒரு வெஸ்டர்ன்: மருந்து சேர்த்து 24 மணி நேரம் கழித்து, ஆர்பியின் 807, 811-ஆவது செரின்களில் உள்ள பாஸ்பேட்டைக் காட்டும் ஆன்டிபாடியும், மொத்த ஆர்பியைக் காட்டும் ஆன்டிபாடியும். மொத்த ஆர்பியையும் பார்க்காமல் பாஸ்பேட் குறைந்தது என்று எழுத வேண்டாம். மருந்து நீடிக்க நீடிக்க ஆர்பியின் அளவே இறங்கும்.